எலுமிச்சையில் வெந்த மீன்: மெக்சிகோவில் செவிச்சே வந்த வழி

செவிச்சே என்பது பச்சை மீனையோ இறாலையோ எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு சேர்த்து, அடுப்பில் ஏற்றாமலே உண்ணும் உணவு. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையில் மெக்சிகோ தொடங்கி சிலி வரை இது பல வடிவங்களில் வழங்குகிறது. ஸ்பானிய அகராதி இந்தப் பெயரை நான்கு விதமாக எழுத இடம் தருகிறது. பெருவில் இது தேசிய உணவு. மெக்சிகோவில் கரையோர வீடுகளின் விடுமுறை நாள் உணவு. மொறுமொறுப்பாகப் பொரித்த சோள ரொட்டியான தொஸ்தாதாவின் மேல் குவித்துக் கையில் எடுத்துத் தின்பது.

பச்சை மீன் என்றாலும் தட்டுக்கு வரும்போது அது பச்சையாகத் தெரிவதில்லை. சாறு பட்டதும், கண்ணாடிபோல் இருந்த சதை ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும். நேரம் ஆக ஆக வெண்மை உள்ளே இறங்கி, துண்டு இறுகும். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு, அதன் பி.எச். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். அந்தப் புளிப்பில் மீன் சதையின் புரதங்கள் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அடுப்புச் சூடு செய்வதும் ஏறக்குறைய இதையேதான். மீன் எலுமிச்சையில் 'வேகிறது' என்றுதான் மெக்சிகோவில் பேச்சு வழக்கு. ஆனால் சூடு கொல்லும் கிருமிகளையும் புழுக்களையும் எலுமிச்சை எல்லா நேரமும் கொல்வதில்லை. இந்த வேறுபாட்டுக்கு அந்த நாடு 20ஆம் நூற்றாண்டில் விலை கொடுத்தது.

இந்த உணவு ஆதிகாலத்திலிருந்தே வருகிறது என்ற பேச்சு உணவகப் பட்டியல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் நிறைய உண்டு. சேர்மானங்களைப் பிரித்துப் பார்த்தாலே அது எவ்வளவு தூரம் சரி என்பது தெரிந்துவிடும். தக்காளி, மிளகாய், வெண்ணெய்ப்பழம், தொஸ்தாதாவின் சோளம் ஆகியவை அந்த மண்ணுக்கு உரியவை. முதல் மூன்றின் ஐரோப்பியப் பெயர்களே அஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழியிலிருந்து போனவை. வெங்காயமும் கொத்தமல்லியும் வெள்ளரியும் கப்பலில் வந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக எலுமிச்சையே கப்பலில் வந்ததுதான். எனவே இன்று செவிச்சே என்று அழைக்கப்படும் உணவு, ஸ்பானியர் மெக்சிகோக் கரையில் இறங்குவதற்கு முன் அங்கு இருந்திருக்க முடியாது.

அதனால் மீனும் புளிப்பும் சேரும் பழக்கமே அங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நாவாட்ல் பேசும் முதியவர்களைக் கேட்டு 12 தொகுதிகளாகத் தொகுத்த நூலில், அஸ்டெக் பிரபுக்களின் உணவு வகைகள் நீளமாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. மஞ்சள் மிளகாயில் செய்த வெள்ளை மீன், பழுக்காத புளிப்புப் பழக் குழம்பில் மீன் என்று அதில் வருகிறது. புளிப்புச் சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குச் சொக்கொநோஸ்ட்லே என்று பெயர். அந்தச் சொல்லின் முற்பகுதி புளிப்பைக் குறிப்பது. புளிப்பை அறிந்த சமையல்தான் அது. ஆனால் அந்த மீன்கள் அடுப்பில் வெந்தவை.

அமெரிக்கக் கண்டத்துக்குப் புளிப்புப் பழங்களின் விதைகள் போன ஆண்டு 1493. கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கானரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில் ஆரஞ்சு, எலுமிச்சை விதைகளை ஏற்றிக்கொண்டு போய் ஹிஸ்பானியோலாத் தீவில் இறக்கினார். மெக்சிகோ நிலத்தில் அவை ஊன்றப்பட்டதற்கு, ஊன்றியவரே எழுதிவைத்த சான்று இருக்கிறது. 1519-இல் மெக்சிகோமேல் படையெடுத்த கோர்ட்டெஸின் படையில் பின்னாளில் சேர்ந்த பெர்னால் தியாஸ் தெல் கஸ்தியோ, அதற்கு முந்தைய ஆண்டான 1518-இல் கிரிஹால்வா என்ற ஸ்பானியத் தளபதியின் கப்பலில் வளைகுடாக் கரையிலுள்ள தொனாலாவுக்கு வந்தார். கொசுத் தொல்லை தாங்காமல் ஒரு கோயில் மேட்டில் படுத்தவர், கியூபாவிலிருந்து கொண்டுவந்த ஏழெட்டு ஆரஞ்சு விதைகளை அதன் அருகே ஊன்றினார். கோயில் பூசாரிகள் அந்தப் புதுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, எறும்பு தின்னாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்நாட்டில் முதன்முதலில் ஊன்றப்பட்ட ஆரஞ்சு தன்னுடையதே என்று முதுமையில் எழுதிய நூலில் அவர் பெருமையோடு குறிப்பிடுகிறார். போர்க்கதைகளில் மிகைப்படுத்துபவர் என்று அவர்மேல் புகார் உண்டு. ஆனால் எறும்பைப் பற்றி ஒருவர் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு நாரன்ஹா என்று பெயர். அரபு, பாரசீகம் வழியாகச் சமஸ்கிருதத்தின் 'நாரங்க' வரை போகும் அந்தச் சொல்லுக்கு மூலம் திராவிட மொழிகளில் இருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தமிழின் நாரத்தையும் நரந்தமும் அதன் உறவுகள். மெக்சிகோவில் 'லிமோன்' என்று கேட்டால் கிடைக்கும் சிறிய, மெல்லிய தோல் கொண்ட, விதையுள்ள பச்சைப் பழம் தமிழ்நாட்டுச் சந்தையில் கூறு கட்டி விற்கும் எலுமிச்சையின் இனமேதான். தென்கிழக்கு ஆசியக் காட்டுப் புளிப்புப் பழம் ஒன்றும் கடாரங்காயின் உறவினமான சிட்ரானும் கலந்து பிறந்த இந்த இனம், அரபு வணிகர் கைமாறி ஸ்பெயினுக்கும், அங்கிருந்து மெக்சிகோவுக்கும் போய், கடைசியில் 'மெக்சிகோ எலுமிச்சை' என்ற பெயரையே பெற்றுவிட்டது. மிளகாய் இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்து தமிழ்ச் சமையலுக்குள் இதே உரிமையோடு உட்கார்ந்துகொண்டது.

பழத்தோடு ஒரு சமையல் முறையும் வந்தது. சாசானியப் பாரசீக அரசர்களின் விருந்தில் 'சிக்பாஜ்' என்ற, காடியில் சமைத்த இறைச்சிக் குழம்பு இருந்தது. அரபுக் கலீபாக்களின் சமையல் ஏடுகள் அதைப் பல வகையாகச் சொல்கின்றன. மத்தியதரைக் கடலோரத்தில் இறைச்சியின் இடத்தை மீன் பிடித்தது. ஸ்பெயினில் அது எஸ்கபேச்சே ஆனது. மீனைப் பொரித்துக் காடி, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்த சாற்றில் மூழ்கவைப்பது எஸ்கபேச்சே. செவிச்சே என்ற பெயரும் இதே அரபு வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி கருதுகிறது. பெருவில் கெச்சுவா மொழியே மூலம் என்பாரும் உண்டு. சொல் எந்த வழியில் வந்திருந்தாலும் பொருளில் இரண்டும் வேறு. எஸ்கபேச்சே ஊறுகாய் போன்றது: வெந்த மீன், நாள்கணக்கில் கெடாமல் இருக்கச் செய்வது. செவிச்சே காலையில் பிடித்ததை மதியத்துக்குள் தின்று தீர்க்கும் உணவு. கடலிலிருந்து எட்ட வாழ்ந்தவர்களுக்கு முதலாவதுதான் கைக்கு எட்டியது. 1831-இல் வெளிவந்த முதல் அச்சு மெக்சிகோ சமையல் நூலில் எஸ்கபேச்சேக்கள் இடம்பெறுகின்றன.

மேற்குக் கரைக்கு வேறொரு கதவும் திறந்திருந்தது. 1565-இல் உர்தனேத்தா என்ற துறவி-மாலுமி பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல்வழியைக் கண்டார். அது முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. பட்டும் பீங்கானும் சரக்குக் கணக்கில் பதிவாயின. மாலுமிகளின் நாக்கு எந்தக் கணக்கிலும் பதிவாகவில்லை. அவர்களில் பிலிப்பைன்ஸ் தீவினர் மிகுதி. பச்சை மீனைப் பனங்காடியிலோ புளிப்புப் பழச்சாற்றிலோ பிசறித் தின்னும் 'கினிலாவ்' அவர்கள் ஊரின் பழைய உணவு. கப்பலை விட்டு இறங்கிக் கரையிலேயே தங்கிவிட்ட பலர் இன்றைய கொலிமா மாநிலத்தில் தென்னை வளர்த்துக் கள் இறக்கினார்கள். 1619-இல் மணிலாவின் பிரதிநிதி ஸ்பானிய மன்னருக்கு எழுதிய முறையீட்டில், இந்தக் கள்ளைக் குடிப்பதால் ஸ்பெயினின் திராட்சை மதுவை வாங்க ஆளில்லாமல் போகிறது என்று அலுத்துக்கொள்கிறார். பிலிப்பைன்ஸ் சொல்லான 'தூபா' என்ற பெயரோடே கொலிமா நகரத் தெருக்களில் அந்தப் பானம் இன்றும் விற்கிறது: தோளில் சுரைக்குடுக்கை, ஊற்றிக் கொடுக்கும் குவளையில் மேலே தூவிய வேர்க்கடலை. கள்ளின் பெயரும் இறக்கும் முறையும் நிலைத்த கரையில் மீன் பிசறும் முறை மட்டும் நிலைக்காமல் போயிருக்குமா என்று கேட்பவர்களின் வாதம் நியாயமானதே. ஆனாலும் இது ஊகம் என்ற அளவைத் தாண்டவில்லை. கொலிமாவின் செவிச்சே மற்ற ஊர்களினின்று வேறுபட்டு, மீனைக் கொத்துக்கறி போலப் பொடியாக்கி, சாற்றைப் பிழிந்தெடுத்து, துருவிய கேரட் கலந்து செய்யப்படுகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நெடுங்காலம் இது மீனவரின் உணவாகவே இருந்தது. வெப்பக் கரையில் பிடித்த மீன் சில மணி நேரத்தில் நாற ஆரம்பிக்கும். மலைமேல் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் மெக்சிகோ நகரத்துக்கு அது கருவாடாகத்தான் ஏற முடிந்தது. எரிமலை உச்சிகளின் பனியை வெட்டி இறக்கி விற்கும் உரிமை 1596 முதலே அரசு ஏலத்தில் இருந்தது என்றாலும், அந்தப் பனி பணக்காரரின் குளிர்பானத்துக்குப் போனது. நிலைமை மாறத் தொடங்கியது 1873 ஜனவரி 1 அன்று. வெராகுரூஸ் துறைமுகத்தையும் தலைநகரையும் இணைத்த ரயில்பாதை அன்று திறக்கப்பட்டது. கடல்மீன் மலையேற அதன்பின் வழி பிறந்தது. மேற்கில் ரயில் மெதுவாகத்தான் வந்தது: வடக்கிலிருந்து மஸாத்லான் வரை 1909-இல், அங்கிருந்து குவாதலஹாராவுக்கு 1927-இல். அதே 1927-இல்தான் தலைநகரிலிருந்து அகாபுல்கோவுக்கு மோட்டார் சாலை முடிந்தது. பனிக்கட்டித் தொழிற்சாலையும் குளிர்சாதனப் பெட்டியும் பின்தொடர்ந்தன. செவிச்சேயை மெக்சிகோ முழுமைக்கும் உரியதாக்கியதில் எந்தச் சமையல்காரரையும்விட இந்த இரண்டுக்கும் பங்கு அதிகம்.

அகாபுல்கோ இதில் ஒரு தனி அத்தியாயம். மிகேல் அலேமான் அதிபராயிருந்த 1946-52 காலத்தில் அந்த மீனவ ஊர் ஹாலிவுட் நடிகர்கள் வந்து தங்கும் கடற்கரை நகராக மாறியது. அங்கு செவிச்சேக்கு உரிய மீன் 'சியர்ரா'. ஸ்பானியத்தில் இதற்கு ரம்பம் என்று பொருள். தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்றும் இலங்கையில் அறுக்குளா என்றும் சொல்லப்படும் மீனின் பேரினம்தான். ஆங்கிலேயர் வஞ்சிரத்தைச் 'சீர்' மீன் என்றதும் போர்ச்சுகீசியர் அதே ரம்பப் பெயரை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்ததால். அகாபுல்கோ பாணியில் மீன் துண்டுகள் சில மணி நேரம் சாற்றில் கிடந்து முழுக்க வெளுக்கும். பிறகு தக்காளி, மிளகாய் ஊறுகாய், ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய் என மத்தியதரைக் கடல் மணம் ஏறும். கண்ணாடிக் கோப்பையில் தக்காளிச் சாறு சேர்த்துக் கரண்டியால் உண்ணும் வகையும் இந்த விடுதிகளின் காலத்தில் பரவியது.

வடமேற்கில் சினலோவா மாநிலத்தின் கதை வேறு. அங்கு புகழ்பெற்றது அகுவாச்சிலே: ஸ்பானிய 'நீர்', நாவாட்ல் 'மிளகாய்' இரண்டும் ஒட்டிய பெயர். பழைய அகுவாச்சிலேயில் இறால் கிடையாது, எலுமிச்சையும் கிடையாது. மலையடிவார மக்கள் உலர்ந்த இறைச்சியைச் சில்தெப்பின் மிளகாய் கொதித்த நீரில் நனைத்துத் தின்றதே அது. சில்தெப்பின் பயிரிடப்படாத காட்டு மிளகாய், மிளகளவு உருண்டை. முட்செடிகளுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாய்ப் பறிக்க வேண்டும். நாக்கில் பட்டதும் தீயாய்ப் பிடித்து, அதே வேகத்தில் தணிந்துவிடும். மலையின் இந்தக் காரநீர் கரைக்கு இறங்கியபோது இறைச்சியின் இடத்தை இறால் பிடித்தது. நீரின் இடத்தை எலுமிச்சை.

இறால் மலிவாகக் கிடைத்தது தற்செயல் இல்லை. 1930களில் மெக்சிகோ அரசு இறால் உள்ளிட்ட விலையுயர்ந்த கடலுயிர்களைப் பிடிக்கும் உரிமையை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் ஒதுக்கத் தொடங்கியது. 1992-இன் மீன்பிடிச் சட்டம் வரை அந்த ஒதுக்கீடு நீடித்தது. நல்ல இறால் ஏற்றுமதிக்குப் போகும். கரையில் எஞ்சியது வீட்டுக்கு வரும். அதன்பின் பண்ணை இறால் பெருகி, சினலோவா அதில் முன்னணி மாநிலமானது. இன்றைய அகுவாச்சிலே நாடெங்கும் பரவியது இந்தப் பண்ணைக் காலத்தில்தான்.

வீட்டில் இதைச் செய்யும் முறை பெரும்பாலும் மாறவில்லை. இறாலை ஓடு நீக்கி, முதுகில் கீறிக் குடலை எடுத்து, இரண்டாக விரித்துத் தட்டையான தட்டில் பரப்பி உப்பிடுவார்கள். எலுமிச்சையை நறுக்கியதும் பிழிவார்கள். நேரம் கடந்த சாறு கசக்கும், தோலை நசுக்கிப் பிழிந்தாலும் கசக்கும். எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் உரலான மொல்காஹேத்தேயில் சில்தெப்பினும் உப்பும் நுணுக்கிச் சாற்றில் கரைத்து இறால்மேல் ஊற்றுவார்கள். மெல்லிய வளையங்களாக அரிந்த பெரிய வெங்காயமும் வெள்ளரியும் மேலே. பச்சை நிறம் வேண்டுவோர் செர்ரானோ மிளகாயும் கொத்தமல்லியும் அரைப்பது உண்டு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறால் இளஞ்சிவப்பாகும். அப்போதே உண்ண வேண்டும். அரை மணி தாண்டினால் ரப்பர். சியர்ரா மீன் என்றால் வேறு கைப்பக்குவம்: முள் நிறைந்த அந்த மீனை அரிவதில்லை, தோலோடு பரப்பிவைத்துக் கரண்டியால் சதையைச் சுரண்டி எடுப்பார்கள், முள் தோலோடு நின்றுவிடும். பாத்திரம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கும். அலுமினியத்தில் ஊறவைத்தால் புளிப்பு உலோகத்தைத் தின்று மீனில் வாடை ஏறும்.

கரையில் கடல்மீனால் செய்த வரை பெரிய ஆபத்து தெரியவில்லை. சிக்கல் உள்நாட்டிலிருந்து வந்தது. 1940களின் இறுதியில் தொடங்கிய பாப்பலோவாப்பன் ஆற்றுத் திட்டத்தில் வஹாக்கா மாநிலத்தில் ஒரு பேரணை எழுந்தது. 1964-இல் அந்த அணை எழுந்த தெமஸ்கால் பகுதிக்கு அமெரிக்காவிலிருந்து திலேப்பியா மீன் கொண்டுவந்து விடப்பட்டது. நாடெங்கும் அணைநீரில் மீன் மலிந்தது. செவிச்சே செய்யத் தெரிந்த நாட்டில் மலிவான நன்னீர் மீன் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1970-இல் மெக்சிகோவில் முதன்முறையாக மனிதரில் நாத்தோஸ்தோமா புழு நோய் கண்டறியப்பட்டது. நன்னீர் மீன் சதையில் சுருண்டிருக்கும் இந்தப் புழுவின் குஞ்சு எலுமிச்சைச் சாற்றின் சில மணி நேர ஊறலில் சாவதில்லை. உண்டவர் தோலுக்கடியில் அது நகர நகர, வீக்கம் இன்று ஓரிடத்தில், அடுத்த வாரம் வேறிடத்தில் எழும். பின்னர் சினலோவா, நயரித், கெரேரோ, வெராகுரூஸ் மாநிலங்களிலும் நோயாளிகள் வந்தனர். நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணலாகாது என்பதும், கடல்மீனானாலும் முன்னதாக மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் உறையவைத்தால் புழு சாகும் என்பதும் அதன்பின் மருத்துவர் சொல்லும் விதிகளாயின.

1991 ஜனவரியில் பெருவின் கரையில் காலரா வெடித்தது; அதே ஆண்டு ஜூனில் மெக்சிகோவுக்குள் நுழைந்தது. பழி முதலில் செவிச்சேமேல் விழுந்தது. அசுத்தமான குடிநீரே முதல் காரணம், சாக்கடை கலந்த கரைநீரின் மீனும் சிப்பியும் உடன் நின்றவை. எலுமிச்சையின் புளிப்பு காலராக் கிருமியை ஓரளவு அடக்கக்கூடியது என்றாலும், அதை நம்பி ஒரு நகரத்தாரைச் சாப்பிடச் சொல்ல எந்தச் சுகாதார அதிகாரியும் துணியமாட்டார். இறாலைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்தபின் எலுமிச்சையில் ஊறவைக்கும் 'வெந்த செவிச்சே' இத்தகைய அச்சத்துக்கு ஒரு விடையாக வீடுகளில் உண்டு. கரையோரத்தார் அதைச் செவிச்சே என்று ஒப்புவதற்கு முகம் சுளிப்பார்கள்.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மெக்சிகோவின் சமையல் மரபு 2010-இலும், பெருவின் செவிச்சே வழக்கங்கள் 2023-இலும் இடம்பெற்றன. செவிச்சே யாருக்கு உரியது என்ற சண்டை அத்தோடு ஓயவில்லை. ஆனால் மெக்சிகோவின் வீட்டுச் சமையலறைக்கு இப்போது நெருக்கடி தருவது எலுமிச்சை. அதன் தலைநகர் என்று பெயர் வாங்கியது கொலிமாவின் தெக்கொமான். ஆசியாவிலிருந்து வந்த ஒரு சாறுண்ணிப் பூச்சி பரப்பும் மஞ்சள் தளிர் நோய் 2009-இல் யுகத்தானில் தென்பட்டு, அடுத்த ஆண்டே கொலிமாத் தோப்புகளை எட்டியது. இலை வெளிறி, காய் கோணி, மரத்தில் சில ஆண்டுகளில் காய்ப்பு நிற்கும். விளைச்சலில் மிச்சோவகான் மாநிலம் முந்தியது. ஆனால் அங்கே குற்றக் கும்பல்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் கறந்தன. 2013-இல் எலுமிச்சை விளையும் ஊர்களிலேயே விவசாயிகள் துப்பாக்கி ஏந்தித் தற்காப்புப் படை திரட்டினார்கள். 2014 தொடக்கத்தில் விலை பலமடங்கு ஏறியது. 2024 ஆகஸ்டில் மிரட்டல் தாங்காமல் அபாத்சிங்கான் வட்டாரத்தின் எலுமிச்சைச் சிப்பக் கூடங்கள் சில நாள் கதவடைத்தன. அத்தகைய வாரங்களில் வீடுகளில் வெராகுரூஸில் விளையும் பெரிய, விதையில்லாப் பாரசீக எலுமிச்சை வாங்கப்படுகிறது. சாறு அதிகம், விலை குறைவு. ஆனால் மீன் வெளுக்க நேரம் கூடுதலாகிறது, நாக்கில் சுருக்கென்று பிடிப்பதில்லை என்று சொல்லி, கரையோரச் சமையற்காரர்கள் அந்தத் தட்டில் இரண்டு பழைய எலுமிச்சையாவது தேடிப்பிடித்துப் பிழிகிறார்கள்.